தீர்மானப் புத்தகத்தை வாசித்துக் காட்டச் சொன்ன மாணவி: பள்ளியில் அரசியல் கற்பிக்கலாமா?

அம்மாப்பேட்டை வாத்தியார் எழுதியது:

இந்த இழையைத் தொடங்கக் காரணம் ஒரு கையெழுத்து. 2023 ஆகஸ்ட் 15 அன்று, ஏற்காடு மலையடிவாரத்து ஊராட்சி ஒன்றின் கிராம சபைக்கு என் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பதினோரு பேரை அழைத்துச் சென்றிருந்தேன். ஊரின் பெயர் இங்கே தேவையில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் சபையின் உறுப்பினர்கள் அல்லர் என்பதால், ஓரமாக உட்கார்ந்து கவனித்தால் போதும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். வேப்பமரத்தடியில் இரண்டு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். ஒன்பது பொருள்கள் ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடத்தில் வாசிக்கப்பட்டன. பிறகு தீர்மானப் புத்தகம் கைமாறத் தொடங்கியது.

அந்தப் புத்தகத்தை அன்றுதான் நானும் அருகிலிருந்து பார்த்தேன். ரெக்சின் அட்டை போட்ட நீளமான பதிவேடு. தீர்மானங்கள் அனைத்தும் நீல மையில் முன்னதாகவே எழுதப்பட்டிருந்தன. அவற்றின் கீழே கையெழுத்துக்காக நான்கு பக்கங்கள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. எண்ணிக்கை குறைந்ததாலோ என்னவோ, புத்தகம் என் மாணவர்களிடமும் நீட்டப்பட்டது. அந்த ஜூலையில் பதினெட்டு முடிந்திருந்த ஒரு மாணவி, பேனாவை வாங்கிக்கொண்டு, "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டுங்கள், பிறகு போடுகிறேன்" என்றாள். யாரும் பேசவில்லை. பின் வரிசையிலிருந்த ஒரு மூதாட்டி, "எனக்கும் படிச்சுக் காட்டு சாமி, நானும் இத்தன வருசமா ரேகைதான் வெச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். வாசித்தார்கள். ஏழாவது தீர்மானம் ஒரு குக்கிராமத்தின் தெருவிளக்குகளைப் பழுது நீக்கிய செலவுக்கு ஒப்புதல் கேட்டது. அந்தக் குக்கிராமத்துப் பெண்கள் மூவர் கூட்டத்தில் இருந்தார்கள். பொங்கலிலிருந்து விளக்கு எரியவில்லை என்றார்கள். அந்த ஒரு தீர்மானம் மட்டும் மறு ஆய்வுக்கு ஒத்தி வைக்கப்பட்டது.

அடுத்த வாரம் என்னிடம் விளக்கக் கடிதம் கேட்கப்பட்டது. பிள்ளைகளை அரசியலுக்கு இழுக்கிறேன் என்று பெற்றோர் சிலர் புகார் கொடுத்திருந்தனர். கடிதம் கொடுத்தேன், விவகாரம் அத்துடன் அடங்கியது, மறு ஆண்டு ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆயினும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அரசமைப்பின் 73ஆவது திருத்தம் எந்த நாளில் நடைமுறைக்கு வந்தது என்று கேட்டால் என் மாணவர்களில் பாதிப் பேர் 1993 ஏப்ரல் 24 என்று தடையின்றிச் சொல்வார்கள். அந்தத் திருத்தம் உருவாக்கிய சபை தங்கள் வீட்டுக்குப் பின்னால் கூடுகிறது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தேர்வுக்குப் படித்ததைக் கல்வி என்கிறோம், அதையே மரத்தடியில் ஒருத்தி பயன்படுத்தினால் அரசியல் என்கிறோம். இது குறித்து உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

---

குகைத் தறிக்காரர் எழுதியது:

வணக்கம் ஐயா. தங்களிடம் விளக்கம் கேட்கச் சொன்ன பெற்றோரில் நான் இல்லை, ஆனால் இருந்திருக்கக் கூடும். எனக்கு ஒரே மகன், பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். தறி என்னோடு முடியட்டும் என்றுதான் அவனைப் படிக்க வைக்கிறேன். பள்ளிக்குள் அரசியல் வரும் என்றால், முதலில் யாருடைய அரசியல் வரும் என்பதே என் அச்சம். ஒரு ஆசிரியர் ஒரு கட்சியைச் சேர்ந்தவராக இருப்பார், இன்னொருவர் ஒரு சாதிச் சங்கத்தில் இருப்பார். பிள்ளைகளின் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு ஏறியதை நாம் பார்க்கவில்லையா? நாங்குநேரியில் ஒரு மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகுதானே ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள், அக்குழுவும் 2024இல் கயிறுகளை அனுமதிக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. கதவைத் திறந்தால் காற்று மட்டும்தான் வரும் என்று எப்படி நம்புவது?

---

ஐயப்பாடு எழுதியது:

தறிக்காரர் சொல்வதில் ஒரு திருத்தம் மட்டும். கதவு மூடியிருந்த காலத்தில்தான் அந்தக் கயிறு உள்ளே வந்தது. பள்ளியில் எவரும் அரசியல் பேசக் கூடாது என்ற விதியின் கீழேயே அது வளர்ந்தது.

---

மலைமேல் ஒருத்தி எழுதியது:

நான் ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள், மலையாளி பழங்குடி. (கேரளத்தவரா என்று கேட்காதீர்கள், மலையை ஆள்பவர் என்பதால் வந்த பெயர் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். கல்லூரி விடுதியில் மூன்று ஆண்டுகளாக இதை விளக்கிக் களைத்துவிட்டேன்.) எங்கள் சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கான தனித் தொகுதி. 2013 டிசம்பரில் எங்கள் ஊரில் நடந்த இடைத்தேர்தலில்தான் தமிழ்நாட்டு வாக்காளர்கள் முதன்முறையாக நோட்டா பொத்தானைப் பார்த்தார்கள். நான் அப்போது தொடக்கப் பள்ளியில் படித்தேன். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கட்சி வண்டிகள் வரிசையாக ஏறி வந்தது நினைவிருக்கிறது. முடிவு வந்த மறுவாரம் ஒரு வண்டியும் இல்லை.

பள்ளியிலும் கல்லூரியிலும் எங்களுக்கு வாய்த்த அரசியல் கல்வி என்னவென்று சொல்கிறேன். ஆண்டுதோறும் ஜனவரி 25 அன்று, தேசிய வாக்காளர் நாளில், எங்களை நிற்க வைத்து உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள்; ஒரு கோலப் போட்டி இருக்கும்; மை வைத்த விரல் வரைந்த பதாகையுடன் பேருந்து நிலையம் வரை ஊர்வலம் போவோம். தேர்தல் கல்வியறிவு மன்றம் என்ற ஒன்றும் 2018 முதல் இருக்கிறது. எங்கள் பள்ளியில் அது ஒரு பதிவேட்டிலும் ஒரு புகைப்படத்திலும் மட்டும் இருந்தது. வாக்களி, வாக்களி என்று பத்து ஆண்டுகள் சொன்னார்கள். வாக்களித்த மறுநாளிலிருந்து அடுத்த ஐந்து ஆண்டுகள் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதை எங்கள் அப்பாவின் நிலச் சிக்கல்தான் கற்றுக் கொடுத்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, உரிமை கோரும் மனுவை முதலில் பெற்று ஆராய்ந்து தீர்மானம் நிறைவேற்ற வேண்டியது கிராம சபை. இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மனுவைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆண்டு முழுவதும் சேலத்துக்கும் ஏற்காட்டுக்குமாகப் பேருந்தில் அலைந்தோம். கிராம சபையின் அதிகாரம் பற்றிய ஒரே ஒரு வகுப்பு எனக்குப் பள்ளியில் கிடைத்திருந்தால், அப்பாவின் ஓராண்டுக் கூலி மிச்சமாகியிருக்கும்.

---

பழைய ஊராட்சிச் செயலர் எழுதியது:

இருபத்தாறு ஆண்டுகள் தீர்மானப் புத்தகம் எழுதியவன் என்பதால் சிலவற்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் ஐயா சொன்ன நீல மை என் மையாகவும் இருந்திருக்கலாம். மேலிடத்திலிருந்து பொருள் நிரல் வரும். அதற்கேற்ற தீர்மானங்களை முந்தைய இரவே எழுதி வைப்போம். ஐந்நூறுக்கு மேல் மூவாயிரம் வரை மக்கள் வாழும் ஊராட்சி என்றால் நூறு பேர் வந்திருக்க வேண்டும் என்பது விதி, வருவது நாற்பது பேர். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை அப்படியே அழைத்து வந்து உட்கார வைப்போம். ஏமாற்ற வேண்டும் என்பதற்காகச் செய்ததன்று, கூட்டம் நடந்ததாகக் காட்டாவிட்டால் விளக்கம் கேட்பார்கள் என்பதற்காகச் செய்தது. சரியா என்று கேட்டால், சரியில்லைதான்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அந்த மாணவியிடம் கையெழுத்துக் கேட்டதே தவறு. கிராம சபை என்பது ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் சபை. பதினெட்டு முடிந்தால் மட்டும் போதாது, பெயர் ஏறியிருக்க வேண்டும். 2021இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாள்கள் உள்ளன. ஜூலை முதல் தேதிக்குப் பிறகு பிறந்தநாள் என்றால் அவர் அக்டோபர் கணக்கில்தான் வருவார். பதினேழு வயது முடிந்தவுடனேயே, பெயர் சேர்க்கக் கோரும் படிவம் 6ஐ முன்கூட்டிக் கொடுத்து வைக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களுக்கு ஒரு யோசனை. தீர்மானங்களைக் காட்டிலும் படிவம் 30ஐக் கேட்டுப் பாருங்கள். ஊராட்சியின் வரவு செலவு அதில்தான் இருக்கும். சபையின் பார்வைக்கு அதை வைத்தாக வேண்டும். கணக்கைப் படிக்கத் தெரிந்த பத்து பிள்ளைகள் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தால், செயலர் முந்தைய இரவு எழுதும் முறையே மாறிவிடும். இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

---

சோழ நாட்டான் எழுதியது:

குடவோலை முறை கண்ட இனத்துக்கு மக்களாட்சியைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுமா? பள்ளியில் உத்திரமேரூர்க் கல்வெட்டை ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தாலே போதும்.

---

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. அப்படியானால் முழுவதையும் சொல்ல வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டுகள் 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அது குலுக்கல், வாக்களிப்பன்று. தகுதி பெறுவதற்குக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும், இரண்டாம் கல்வெட்டின்படி வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும். பிராமணர் ஊர்ச் சபை அது. பெண்களுக்கு இடமில்லை, உழுதவர்களுக்கு இடமில்லை, நாம் பேசிக்கொண்டிருக்கும் பதினெட்டு வயதுக்காரருக்கும் இடமில்லை. ஓலை எடுத்த சிறுவன்தான் அந்தச் சபையில் நின்ற ஒரே இளையவன் போலும்.

பெருமைப்பட வேண்டிய இடம் அதில் வேறொன்று உண்டு. வாரியம் எனப்பட்ட சபைக் குழுவில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினர்களும் மறுபடி குடத்தில் பெயரிடத் தகுதியற்றவர்கள். செயலர் ஐயா சொன்ன படிவம் 30ஐ அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்து வகுப்பெடுங்கள். பெருமையும் வரும், கேள்வியும் வரும்.

---

கூத்துக்காரர் பேரன் எழுதியது:

எல்லோரும் சட்டத்தையும் படிவத்தையும் பேசுகிறீர்கள். வாத்தியார் ஐயா சொன்ன காட்சியை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் ஊர்க் கூத்து. சேலம் வட்டாரத்தில் பதினாறாம் நாள் காரியத்துக்கும் அம்மன் பண்டிகைக்கும் விடிய விடிய ஆடும் கூத்தில், திரைக்குப் பின்னாலிருந்து வேந்தன் வேடம் வெளிப்பட்டவுடன் கட்டியங்காரன் என்னும் கோமாளி என்ன செய்வான்? வணங்கி நிற்க மாட்டான். "நீங்க யாரு? எந்த ஊரு? எதுக்கு வந்தீங்க?" என்று கேட்பான். கிரீடம் வைத்தவர் தம் பெயரையும் குலத்தையும் நாட்டையும் சபையோர்க்குச் சொல்லிய பிறகே ஆட்டம் மேலே நகரும். எழுத்தறியாத என் பாட்டிக்கு, ஆள்பவனைக் கேள்வி கேட்கலாம் என்று கற்பித்தது அந்தக் கோமாளிதான்.

துகிலுரிதல் கூத்தின் நடுப்பகுதியே ஒரு சபை நடவடிக்கைதான். தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று திரௌபதி கேட்கிறாள். முறைமையைப் பற்றிய கேள்வி அது. பீஷ்மரிடம் பதில் இல்லை. பெரியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, கௌரவர் நூற்றுவரில் ஒருவனான விகர்ணன் எழுந்து, அவள் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் என்கிறான். அதட்டி உட்கார வைக்கிறார்கள். எங்கள் தாத்தா ஆடிய காலத்தில் விகர்ணனுக்குப் பத்து நிமிடமாவது இருந்ததாம். இப்போது நேரம் போதவில்லை என்று அவனை அடியோடு விட்டுவிடுகிறார்கள். பள்ளி ஆண்டு விழாவில் கூத்தை ஐந்து நிமிட நடனமாகச் சுருக்கி மேடையேற்றுவதைப் பண்பாட்டுக் கல்வி என்று நினைக்கிறோம். அந்த ஐந்து நிமிடத்தில் வேடமும் மத்தளமும் இருக்கும், கேள்வி இருக்காது.

---

அம்மாப்பேட்டை வாத்தியார் எழுதியது:

விகர்ணனை நான் யோசிக்கவே இல்லை, பேரனுக்கு நன்றி.

தறிக்காரரின் அச்சத்துக்கு வருகிறேன், அது நியாயமானது. அதற்கு விடை சொல்லாமல் நாம் மேலே போக முடியாது. இதே அச்சத்தைச் சந்தித்த வேறொரு நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாஜி ஆட்சியில் பள்ளிகளே பரப்புரைக் கூடங்களாக இருந்ததைக் கண்ட ஜெர்மானியர்கள், போருக்குப் பின் 1952இல் மேற்கு ஜெர்மனியில் அரசியல் கல்விக்கென்றே ஒரு நடுவண் அமைப்பை நிறுவினார்கள். ஆனால் எழுபதுகளில் அங்கேயும் சண்டை வந்தது. பாடத்திட்டம் இடதுசாரிகளுடையதா, வலதுசாரிகளுடையதா என்று மாநிலத்துக்கு மாநிலம் இழுபறி. 1976இல் ஸ்டட்கார்ட் நகருக்கு அருகிலுள்ள பாய்டல்ஸ்பாக் என்ற சிற்றூரில், எதிரெதிர் நிலைப்பாடு கொண்ட கல்வியாளர்கள் கூடிப் பேசினார்கள். அவர்கள் எதையும் வாக்கெடுத்து நிறைவேற்றவில்லை. எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடியவை எவை என்று கூட்டத்தில் இருந்த ஹான்ஸ் கியோர்க் வேலிங் என்பவர் பின்னர் எழுதி வைத்த குறிப்புதான் இன்றுவரை அங்கு அரசியல் ஆசிரியர்களின் அடிப்படை விதியாக இருக்கிறது. (நம் தீர்மானப் புத்தகத்துக்கு நேர் எதிர்: அங்கே முதலில் பேச்சு, பிறகுதான் எழுத்து.)

அதில் உள்ளவை மூன்றே செய்திகள். ஆசிரியர் தம் கருத்தைக் கொண்டு மாணவரை அமுக்கக் கூடாது. அறிஞரிடையிலும் அரசியலிலும் எது விவாதத்துக்கு உரியதாக இருக்கிறதோ, அது வகுப்பிலும் விவாதத்துக்கு உரியதாகவே வர வேண்டும். தன் நிலையையும் தன் நலனையும் ஆராய்ந்து, நிலைமையை மாற்றும் வழிகளைத் தானே தேடும் திறனை மாணவர் பெற வேண்டும். இரண்டாவது விதியைக் கடைப்பிடிப்பவரால் முதல் விதியை மீறவே முடியாது என்பதைக் கவனியுங்கள். எதிர்க் கருத்தை அதன் முழு வலுவோடு சொல்லக் கடமைப்பட்ட ஆசிரியர், எந்தக் கட்சிக்காரராக இருந்தால் என்ன?

---

ஐயப்பாடு எழுதியது:

காகிதத்தில் அழகாக இருக்கிறது. சேலத்தில் வைத்துப் பார்ப்போம். சென்னைக்கும் சேலத்துக்கும் இடையிலான எட்டு வழிச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 277 கிலோமீட்டர். 2018இல் நிலம் எடுக்க அளந்து நம் ஊர்த் தோப்புகளில் கல் நட்டார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றியது. ஒரே வகுப்பில் நிலம் இழக்கும் வீட்டுப் பிள்ளையும், சாலை வந்தால் சரக்கு வேகமாகப் போகும் என்று நம்பும் லாரிக்காரர் வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். எந்த ஆசிரியர் அதைப் பேசினார்? அரசு ஊழியர் நடத்தை விதி இருக்கிறதே என்பார்கள்.

---

அம்மாப்பேட்டை வாத்தியார் எழுதியது:

பேசியிருக்க வேண்டும். நானும் பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடத்தை விதிகள் கட்சி அரசியலில் பங்கெடுப்பதைத் தடுக்கின்றன. ஒரு தீர்ப்பின் இரு பக்க வாதங்களை வாசித்துக் காட்டுவதைத் தடுப்பதாக நான் எங்கும் படித்ததில்லை. அந்த விதியை நாங்கள் கவசமாகப் பயன்படுத்தினோம், அவ்வளவுதான்.

நிகழ்காலம் சுடுகிறது என்றால் கடந்த காலத்திலிருந்து தொடங்கலாம் என்று தோன்றுகிறது. சேலத்தில் பிறந்த பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் வேண்டுமா? 1917இல் இந்நகராட்சியின் தலைவராக வந்தவர் ராஜாஜி. அவரே சென்னை மாகாணப் பிரதமரானபோது, 1937 அக்டோபர் 1 முதல் மதுவிலக்கை மாகாணத்திலேயே முதலில் சேலம் மாவட்டத்தில்தான் நடைமுறைப்படுத்தினார். அவருடைய அரசியலை நேர் எதிர்நின்று எதிர்த்த பெரியாரின் தலைமையில், 1944 ஆகஸ்ட் 27 அன்று நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியதும் இதே ஊரில். அரசமைப்பு நடைமுறைக்கு வந்து பதினாறே நாள் ஆகியிருந்த 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். காங்கிரஸ், திராவிட இயக்கம், பொதுவுடைமை என மூன்றும் மோதிக்கொண்ட தெருக்களில் நாம் நடக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடந்தே காட்டலாம்; ஒவ்வோர் இடத்திலும் இரு தரப்புப் பேச்சையும் இரண்டு மாணவர்கள் வாசிக்கட்டும், தீர்ப்பை நாம் சொல்ல வேண்டாம்.

---

மலைமேல் ஒருத்தி எழுதியது:

நடை நல்லது. ஆனால் வரலாற்றோடு நிறுத்திவிடாதீர்கள், அது பாதுகாப்பான இடமாகிவிடும். இன்றைக்கு உள்ள ஒன்றையும் சேருங்கள். சேலம் உட்பட 27 மாவட்டங்களின் ஊராட்சிப் பிரதிநிதிகளுடைய பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. இதற்கு முன் 2016 இறுதியிலிருந்து 2019 இறுதி வரை மூன்று ஆண்டுகளும் இதே நிலைதான். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் என்று படிக்கும் மாணவர், ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்? தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை கூடத்தான் செய்கிறது, ஏனென்றால் அது வாக்காளர்களின் சபை. அதற்குப் பதவிக்காலம் கிடையாது. எனக்கு இது தெரிந்த நாளில் உண்மையிலேயே ஒரு மகிழ்ச்சி ஏற்பட்டது.

---

குகைத் தறிக்காரர் எழுதியது:

இழை முழுவதையும் இரவு பாவு முடிச்சுப் போட்டுக்கொண்டே மகனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எங்கள் பக்கம் மாநகராட்சி, கிராம சபை கிடையாது என்றேன். அவன் உடனே கைப்பேசியில் தேடி, மாநகராட்சியின் அறுபது வார்டுகளிலும் பகுதி சபை என்று ஒன்று இருக்க வேண்டும், 2022 முதல் கூட்டுகிறார்கள் என்று காட்டினான். எங்கள் வார்டில் அது எப்போது கூடியது என்று நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் கேட்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்கிறான். என் பெயரில் எழுதட்டுமா என்று கேட்டான். சற்று யோசித்தேன், எழுதச் சொல்லிவிட்டேன்.

---

பழைய ஊராட்சிச் செயலர் எழுதியது:

ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதத் தேவையில்லை, சட்டமே கேட்கக் கூடாது என்கிறது. "பகுதி சபை நடந்ததா" என்று கேட்காதீர்கள். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். "நடந்த கூட்டங்களின் தேதி, வருகைப் பதிவேட்டின் நகல், தீர்மான நகல்" என்று கேளுங்கள். தம்பி எழுதியதை அனுப்பும் முன் இங்கே ஒட்டினால் பார்த்துத் தருகிறேன்.

---

குகைத் தறிக்காரர் எழுதியது:

மிக்க நன்றி ஐயா, ஒட்டச் சொல்கிறேன். வாத்தியார் ஐயாவின் ஞாயிற்றுக்கிழமை நடைக்கும் அவனை அனுப்புகிறேன். இரண்டு விண்ணப்பங்கள்: யாரும் கட்சித் துண்டு போட்டுக்கொண்டு வரக் கூடாது, மாலை நான்கு மணிக்குள் அவன் வீடு திரும்பிவிட வேண்டும், நெய்த சேலையை மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது, மடித்துக் கட்ட இன்னொரு கை வேண்டும்.